வங்கி தூரத்தில் இருந்த காலம்

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கடவுளுக்குப் போட்டியே கிடையாது. வங்கி பன்னிரண்டு மைல் தள்ளி இருந்தது. ஆயுள் காப்பீட்டு முகவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும், தினமும் காலையிலும் மாலையிலும் பனை ஏறி இறங்குகிற மனிதரின் உயிருக்கு என்ன பிரீமியம் போடுவது என்று அவருக்கே குழம்பியிருக்கும். ஆகவே தேரி மணல் ஓரத்துப் பனங்காட்டு ஊர்களில் எல்லாரும் கர்த்தரை நம்பினார்கள். நம்புவதற்கு வேறு ஆள் இல்லை. வட்டிக்கு விடுகிறவர் இருந்தார் என்பது வேறு விஷயம்.

பதநீர் இறங்குவது ஆண்டில் பாதி மாதங்கள்தான். விடிலி என்னும் ஓலைக்குடிசையின் புகையில் என் ஆச்சி காய்ச்சி எடுக்கும் கருப்பட்டி, ஊரெல்லாம் காய்ச்சுகிற சீசனில் விலை போகாது. விலை ஏறும் மாதங்களில் கையில் இருக்காது. முன்பணம் தந்த வியாபாரி எப்போதோ எடுத்துப் போயிருப்பார். மிச்ச மாதங்கள் கடனாலும் ஜெபத்தாலும் ஓடின. கர்த்தருடைய ஜெபத்தில் அன்றாட ஆகாரத்தைக் கேட்கும் இடம் வருகிறதல்லவா, அதை ஆச்சி சொல்லும்போது உள்ளர்த்தம் எதுவும் கிடையாது. பானையில் அரிசி இல்லை. சொல்ல வேண்டியவரிடம் சொன்னாள், அவ்வளவுதான்.

அந்த வீட்டில்தான் பிடி அரிசி எடுத்தார்கள். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்தே ஒரு பிடி அள்ளித் தனிச் சட்டியில் போடுவது. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பல வாரம் அந்த அரிசியே கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்கியது. கடன் வாங்கிய அரிசியில் கடவுளுக்குப் பங்கு வைப்பதைப் பொருளாதாரம் படித்தவர் எவரும் ஒப்ப மாட்டார். ஆனால் இப்படிக் கொடுத்துப் பழகிய திருநெல்வேலித் திருச்சபையார்தான் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஊழியர்களை அனுப்பினார்கள். இந்தியப் பணத்திலேயே நடத்துவது என்று கொள்கை வேறு வைத்துக்கொண்டார்கள். சொந்தச் சட்டியின் அடி தெரிகிறவர்கள் போடுகிற கொள்கையா இது?

களக்காட்டை அடுத்த டோனாவூரில் 1901 முதல் குழந்தைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் பணம் வேண்டுமென்று மனிதர் யாரிடமும் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்று வைத்திருந்தார். அவருக்கு முன்னே இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் தம் அநாதை இல்லங்களை அப்படித்தான் நடத்தினார். உபதேசியார் இதை உருகிச் சொன்னபோது ஆச்சி உருகவில்லை. "வெள்ளக்காரங்களுக்கு என்ன, கேக்காமலே குடுப்பாங்க. நாம கேட்டாலும் குடுக்க மாட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு அன்றைக்கும் ஒரு பிடி எடுத்து வைத்தாள்.

விசுவாசம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்றும் எங்கள் முன்னோர் நினைக்கவில்லை. 1830-இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கம், கிறிஸ்தவர்களைக் குடியமர்த்த நிலம் வாங்கியது. அதைத் தப்பென்று சொல்ல நான் வரவில்லை. எனக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது, தவறாமல் புதுப்பிக்கிறேன்.

பிறகு நல்ல காலம் வந்தது. எங்கள் ஊரின் முதல் எல்ஐசி முகவர் என் தாய்மாமாதான். திருச்சபையின் சேகரக் கமிட்டியிலும் இருந்தார். எல்ஐசி 1956-இல் தோன்றியது. அதன் சின்னத்தில் இரண்டு கைகள் ஒரு விளக்கை அணையாமல் காக்கும். கீழே இருப்பது கீதையில் தன்னை நம்பியவர்களின் நலத்தைத் தானே சுமப்பதாகக் கண்ணன் தந்த வாக்கு. அந்தச் சின்னம் போட்ட பையில் பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்து மாமா ஆராதனைக்கு வருவார். சமஸ்கிருதம் படித்தவர் சபையில் யாரும் இல்லாததால் பிரச்சினை எழவில்லை. காப்பீடு விற்கிறவர்களுக்கே கடவுளின் உத்தரவாதம் தேவைப்பட்டது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அதே 1956-இல் அமெரிக்கர்களும் கடவுளையே நம்புவதாகச் சட்டம் போட்டு, அதைத் தேசிய வாசகமாக்கினார்கள். அடுத்த ஆண்டே அதை டாலர் நோட்டில் அச்சடித்தார்கள். எழுதி வைக்க அவர்களுக்கு அகப்பட்ட இடம் அது.

மாமாவின் பிள்ளைகள் இப்போது ஒருவர் பெங்களூரில், ஒருவர் துபாயில். மாமாவுக்கு ஏழு வங்கிகளில் வைப்புத்தொகை. ஏன் ஏழு என்று கேட்டேன்.

"மாப்ள, ஒரு பேங்க் முங்கிப் போனா அஞ்சு லட்சம் வரைக்குந்தான் காப்பீடு. 2020-லதான் அதையும் ஒரு லட்சத்துல இருந்து ஏத்துனான். பிரசங்கி பதினொண்ணு ரெண்டு படிச்சிருக்கியா? ஏழு பேருக்கும் எட்டுப் பேருக்கும் பங்கு வைக்கணும்னு சாலமோன் ராஜா சொல்லியிருக்காரு."

"அது தர்மம் பண்றதப் பத்தில்லா மாமா?"

"தர்மமும் பண்ணலாம். மொதல்ல டெபாசிட்."

எட்டாவது வங்கிக்கு அப்போது விண்ணப்பம் போயிருந்தது.

அவர் வீட்டு வாசலில் சங்கீதம் 121 பொறித்த கிரானைட் பலகை இருக்கிறது. காக்கிறவர் உறங்குவதில்லை என்று சொல்லும் சங்கீதம். அதற்கு நேர் மேலே சிசிடிவி கேமரா. அதுவும் உறங்குவதில்லை. மின்சாரம் போனாலும் ஓட இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்.

தசமபாகத்திலும் முன்னேற்றம் உண்டு. ஆச்சி பத்துக் கருப்பட்டிக்கு ஒன்று எடுத்து வைப்பாள். கணக்கு அங்கேயே முடிந்தது. இப்போது வாலிபர் கூட்டத்தில் விவாதம் நடக்கிறது: பத்தில் ஒன்று மொத்தச் சம்பளத்திலா, வருமான வரியும் வருங்கால வைப்பு நிதியும் பிடித்தது போகக் கையில் வருவதிலா? வீட்டுக் கடன் தவணையைக் கழித்துக்கொள்ளலாமா? வரிவிலக்குக்கு ரசீது உண்டா? ஆலோசனை கேட்டு ஒரு ஆடிட்டரையே அழைத்திருந்தார்கள். பிடி அரிசியும் நிற்கவில்லை. மாதம் ஐம்பது ரூபாயாக மாறி, காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டையாகத் தொங்குகிறது. அந்த ஐம்பது ரூபாயால் யார் வீட்டுச் சோறும் ஒரு பருக்கை குறையாது.

ஜெபமும் மாறிவிட்டது. முன்பு இல்லாததைக் கேட்டோம். இப்போது இருப்பதற்குக் காவல் கேட்கிறோம். படியளந்துகொண்டிருந்தவரை இரவுக் காவலுக்கு மாற்றிவிட்டோம். சபை ஐயரும் புதுக் காருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் வந்து ஜெபித்துவிட்டுப் போகிறார்.

ஆச்சியின் காலம் திரும்பி வரவேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஆச்சியோடு ஒரு வாரம் இருந்திருக்க மாட்டார்கள். அந்த வறுமையில் புனிதம் எதையும் நான் கண்டதில்லை. எனக்கு விளங்காதது வேறு. பணம் வந்தால் பயம் போகும் என்றுதான் எல்லாரும் எண்ணினோம். ஏதாவது ஒரு வங்கியைப் பற்றிச் செய்தி வந்தால் மாமா நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நாளைய அரிசிக்கு வழியில்லாத ஆச்சி படுத்ததும் தூங்கினாள். களைப்பு என்றும் சொல்லலாம். ஆனால் படுக்கப் போகுமுன் பிடி அரிசிச் சட்டியை மூடி வைத்துவிட்டுத்தான் படுத்தாள். பசிக்கிறது என்று அதில் கைவைத்ததில்லை. அந்தக் கணக்குக்குக் களைப்பு என்று பெயர் சொல்ல முடியவில்லை.

இனி வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுக்கிறோம். எரேமியா 29:11 வரும், சங்கீதம் 23 வரும், நம்மை வாலாக்காமல் தலையாக்கும் உபாகமம் 28 வரும். போன முறை மாமாவுக்கு வந்தது அதே அதிகாரத்தில், பலருக்குக் கடன் கொடுப்பாய், நீ வாங்க மாட்டாய் என்று வரும் வசனம். ஏழு வங்கிகளுக்குக் கடன் கொடுத்து வைத்திருக்கிறவருக்கு அது பொருத்தம்தான். ஆனால் பெரிய களஞ்சியம் கட்டத் திட்டம் போட்டவனிடம், இன்று ராத்திரியே உன் உயிர் கேட்கப்படும் என்று கடவுள் சொல்லும் லூக்கா 12:20 மட்டும் யாருக்கும் வந்ததே இல்லை. அந்த வசனத்தை அட்டையில் போடுவதில்லை.

அட்டை அச்சிடும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு நூறு அட்டைக் கட்டில் அதையும் ஒன்று சேர்த்துவிடுங்கள். எடுத்தவர் வேறு அட்டை கேட்டால் உபதேசியார் தரக் கூடாது. எடுத்தவர் நானாக இருந்தாலும்.