நாவுக்கு ஒன்று, முதலீட்டுக்கு ஒன்று

சல்லிக்கட்டுக் கிளர்ச்சியின் சூடு ஆறுமுன், 2017 மார்ச் 1 முதல் பெப்சியும் கோக்கும் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, 1916-இல் விருதுநகரில் தோன்றிய காளிமார்க் நிறுவனத்தின் பொவண்டோ குளிர்பானத்துக்கும், கழுத்தில் அடைத்த கோலியை உள்ளே தள்ளித் திறக்கும் கோலி சோடாவுக்கும் புது மரியாதை பிறந்தது. சில கடைகளில் அவை குளிர்ந்தது பன்னாட்டு நிறுவனங்கள் தந்த கண்ணாடிக் குளிர்பெட்டிகளில்தான் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஆயின் இந்த உள்ளூர்ப் பற்று, நிறுவன உரிமையைத் துண்டுகளாக்கி விற்கும் பங்குச்சந்தையில் தடுமாறுகிறது: காளிமார்க் குடும்ப நிறுவனம், அதன் பங்கு சந்தையில் கிடைக்காது; கிடைப்பதோ, 2016-இல் பட்டியலிடப்பட்டு, 2019-இல் தென்மாநிலங்களுக்கான பெப்சி உரிமத்தையும் பெற்று, பெப்சியைப் புட்டியில் அடைத்து விற்கும் வருண் பெவரேஜஸின் பங்கு. ஆகவே சிதம்பரம் மேலவீதியில் பொவண்டோ பருகியபடி அந்தப் பங்கை வைத்திருக்கும் முதலீட்டாளர், வெயில் ஏறினால் விற்பனை ஏறும் என்று அக்னி நட்சத்திர வெயிலை ஆவலுடன் எதிர்நோக்குகிறார்; கடலூர்க் கரையில் கோடைமழை பெய்தால் ஊரே குளிர, அவர் முகம் மட்டும் சுண்டுகிறது.