உலகம் அழிய ஒரு வியாழக்கிழமை

உங்கள் வீட்டில் பதினாறு வயசில் ஒரு பிள்ளை இருந்தால், அது ராத்திரி கண் விழித்துப் படிக்கும் நாவலை ஒருநாள் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். உலகம் அழிந்துகொண்டிருக்கும். அல்லது ஏற்கெனவே அழிந்து முடிந்து, மிச்சத்தை ஒரு கொடுங்கோல் அரசாங்கம் ஆண்டுகொண்டிருக்கும். ‘ஹங்கர் கேம்ஸ்’ (2008) நாயகி காட்னிஸுக்கு வயசு பதினாறு. அப்பா சுரங்க வெடிவிபத்தில் போய்விட்டார், அம்மா இருந்தும் இல்லாத மாதிரி. ‘மேஸ் ரன்னர்’ (2009) பையனுக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் ஞாபகமில்லை. ஆகவே பெற்றோர் என்ற பிரச்னையே எழவில்லை. ‘டைவர்ஜென்ட்’ (2011) நாயகிக்கு மட்டும் அப்பா, அம்மா இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். கவலைப்படாதீர்கள், முதல் பாகம் முடிவதற்குள் இருவரையும் ஆசிரியை அனுப்பிவைத்துவிடுகிறார்!

பிரளயம் என்றால் இளசுகளுக்கு ஏன் இவ்வளவு குஷி? யோசித்துப் பாருங்கள். எக்ஸாம் கிடையாது. டியூஷன் கிடையாது. ‘அடுத்து என்ன படிக்கப் போறே?’ என்று கேட்க ஒரு மாமாகூட உயிரோடு இல்லை.

‘இந்தக் காலத்துப் பசங்க...’ என்று ஆரம்பிக்கிறீர்களா? ஒரு நிமிஷம். இந்த ஃபார்முலாவுக்கு வயசு இருநூறு. தாயில்லாப் பெண், ஓடிப்போகும் காதல், அழகான கெட்ட பையன், மங்கிப்போன சூரியன், எதற்கும் உதவாத பெரியவர்கள் என்று அத்தனை அயிட்டங்களையும் ஒரு பெண் பதினெட்டு வயசிலேயே வாழ்ந்து பார்த்துவிட்டாள். நாவலெல்லாம் அப்புறம்தான்.

பெயர் மேரி காட்வின். 1797 ஆகஸ்டில் லண்டனில் பிறந்தாள். அம்மா மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பெண்ணுரிமை பேசி இங்கிலாந்தையே கலக்கியவர். மகள் பிறந்த பதினோராம் நாள் பிரசவக் காய்ச்சலில் இறந்துபோனார். அப்பா வில்லியம் காட்வின், மாபெரும் தத்துவஞானி. கல்யாணம் என்பது ஓர் அயோக்கியத்தனமான ஏற்பாடு என்று தடித்தடியாக எழுதி இளைஞர்களைக் கிறங்கடித்தவர். அந்தக் கொள்கையைக் கையில் பிடித்துக்கொண்டே இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டார்!

ஞானிக்குச் சிந்தனை நிறைய. கடன் அதைவிட நிறைய. அப்போது வந்து சேர்ந்தார் ஒரு சீடர். பெர்ஸி ஷெல்லி. வயசு இருபத்தொன்று. கவிஞர், பெரிய இடத்துப் பிள்ளை, நாத்திகம் பேசி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து விரட்டப்பட்டவர். ‘கடனை நான் அடைக்கிறேன் குருவே’ என்றதும் ஞானி கதவை அகலத் திறந்துவிட்டார். ஷெல்லிக்கு ஏற்கெனவே ஹாரியட் என்றொரு மனைவி உண்டு. அவளையும் பதினாறு வயசில்தான் வீட்டை விட்டுக் கூட்டிக்கொண்டு ஓடியிருந்தார். பதினாறு வயசுப் பெண்களைக் குடும்பத்தின் கொடுமையிலிருந்து மீட்பது அவருக்கு ஒரு சமூக சேவை. அந்த வருஷம் மேரிக்கு வயசு என்ன? பதினாறு.

காதல் வளர்ந்தது பார்க்கில் இல்லை, கடற்கரையில் இல்லை. மேரியின் அம்மா கல்லறையில்! இதைவிட ஒரு டீன்ஏஜ் நாவல் ஆரம்பம் யாருக்கு அமையும்?

1814 ஜூலை 28, விடியற்காலை எஸ்கேப். கூடவே மேரியின் மாற்றாந்தாய் மகள் க்ளேரும் தொற்றிக்கொண்டாள். அவளுக்கும் பதினாறுதான், பிரெஞ்சு பேசத் தெரியும் என்பது தகுதி. பாரிஸ் போனதும் காசு தீர்ந்துவிட்டது. சரி, ஸ்விட்சர்லாந்துக்கு நடந்தே போய்விடலாம் என்று சாமான் சுமக்க ஒரு கழுதை வாங்கினார்கள். அது எழுந்து நின்றதே பெரிய விஷயம். அதை விற்றுக் கோவேறு கழுதை ஒன்று வாங்கினார்கள். அதற்குள் ஷெல்லிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. இரண்டு பெண்களும் புழுதியில் நடக்க, அவர்களை அடிமைத்தளையிலிருந்து மீட்ட மகான் கோவேறு கழுதை மேல் பவனி வந்தார்.

போகிற வழியில் மகான் ஒரு கடிதமும் எழுதினார். மாசமாக இருந்த மனைவி ஹாரியட்டுக்கு! ‘நீயும் கிளம்பி வா, உனக்கு நல்ல நண்பனாக இருப்பேன்’ என்கிற தினுசில். அவள் வரவில்லை. அவள் கதை பிறகு சோகமாக முடிந்தது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

கல்யாணமே வேண்டாம் என்று ஊருக்கு உபதேசித்த காட்வின், தன் மகள் கல்யாணம் இல்லாமல் போனதும் பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டார். ஷெல்லியோடும் பேச்சில்லை. பணம் மட்டும் வாங்கிக்கொண்டார். ஒரு தடவை ஷெல்லி அனுப்பிய செக்கைத் திருப்பி அனுப்பினார். சுயமரியாதையா? அதெல்லாம் இல்லை. செக்கில் ஷெல்லி பெயர் இருந்தால் ஊர் என்ன பேசும்? வேறு பெயரில் அனுப்பச் சொன்னார்!

இப்போது 1816-க்கு வருவோம். அக்காவுக்கு ஒரு கவிஞர் என்றால் தனக்கும் ஒருவர் வேண்டாமா? க்ளேர் குறிவைத்தது சாதாரண ஆளை இல்லை, லார்டு பைரனை. அன்றைய ஐரோப்பாவின் சூப்பர் ஸ்டார். மனைவி கைக்குழந்தையோடு விட்டுப் போக, கடன்காரர்கள் வாசலில் நிற்க, பைரன் ஏப்ரலில் நாட்டை விட்டே கிளம்பினார். கடனில் தவிக்கிறவர் எப்படிப் போவார்? நெப்போலியனின் வண்டியைப் போலவே 500 பவுனுக்குச் செய்யச் சொல்லி, கட்டில், புத்தக அலமாரி சகிதம் போனார். பில்லைத்தான் மறந்துவிட்டார்.

ஜெனீவா ஹோட்டல் ரிஜிஸ்தரில் வயசு என்ற இடத்தில் ‘100’ என்று எழுதினார் பைரன். நிஜ வயசு இருபத்தெட்டு. கூட வந்த சொந்த டாக்டர் பாலிடோரிக்கு இருபது. பத்தொன்பது வயசில் எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கிய மேதை. தூக்கத்தில் நடப்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். பைரனைப் பற்றி டைரி எழுதித் தந்தால் 500 பவுன் என்று ஒரு பதிப்பாளர் பேசிவைத்திருந்தார். நாடி பிடித்த கையாலேயே கிசுகிசுவும் எழுத ஏற்பாடு!

ஏரிக்கரையில் டியோடாட்டி என்ற பங்களாவை பைரன் எடுத்தார். பைரனுக்காக க்ளேர் இழுத்துவந்த ஷெல்லி கோஷ்டிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு. எதிர்க்கரை ஹோட்டல்காரர் சும்மா இருப்பாரா? பைரன் வீட்டைப் பார்க்க டூரிஸ்ட்டுகளுக்கு டெலஸ்கோப் ஏற்பாடு செய்துவிட்டார்! பால்கனியில் வெள்ளையாக ஏதோ காய்ந்தது. பெண்களின் பாவாடைகள் என்று ஊரே கூசியது. அது மேஜை விரிப்பு.

ஒருநாள் மழை ஈரத்தில் வழுக்கியபடி மேரி மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். ‘ஆண்பிள்ளையாக இருந்தால் குதித்துப் போய்க் கைகொடுப்பீர்’ என்று பைரன் பாலிடோரியை உசுப்பிவிட்டார். பால்கனியிலிருந்து குதித்தார் டாக்டர். கணுக்கால் சுளுக்கு! ரொமான்டிக் இயக்கத்துக்கே கணுக்கால் கொஞ்சம் வீக்.

இந்த மழைதான் விஷயம். ஜூன் மாதம், கோடைக்காலம். ஆனால் வெயிலைக் காணோம். இடி, மின்னல், குளிர், விடாத மழை. சூரியன் மங்கலாகத் தெரிந்தது. அதன் மேல் கறுப்புப் புள்ளிகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. போதாதா? பொலோனியா நகரத்து வானியலாளர் ஒருவர் தேதியே குறித்துவிட்டார்: 1816 ஜூலை 18, வியாழக்கிழமை சூரியன் அணைந்துவிடும். வாட்ஸப் இல்லாமலே செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. கெண்ட் நகரத்தில் இடிமழைக்கு நடுவே குதிரைப்படை எக்காளம் ஊத, ஊழிக்கால எக்காளம் அதுதான் என்று ஜனங்கள் தெருவில் மண்டியிட்டுவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல விடிந்தது. மேகம் மட்டும் அப்படியே இருந்தது.

காரணம் என்ன தெரியுமா? முந்தைய வருஷம், 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்திருந்தது. சத்தம் கேட்டு ஜாவாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பீரங்கி என்று நினைத்துப் படையைக் கிளப்பினார்கள். மலையடிவாரத்தில் இருந்த இரண்டு சின்ன ராஜ்யங்கள் அப்படியே இல்லாமல் போயின. மூன்றாவது ராஜ்யமான சங்கரின் ராஜா உயிர் பிழைத்தார். அவர் மகள் பட்டினியில் செத்துப்போனாள். நிஜமாகவே உலக அழிவைப் பார்த்த பெண் அவள். ஜெனீவாவில் இருந்த ஒருவருக்கும் இது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிக்னிக் கெட்டுப்போனது!

வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்தவர்கள் பேய்க்கதை படித்தார்கள். அதுவும் தீர்ந்ததும் பைரன் அறிவித்தார்: ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம். போட்டி முடிவைப் பாருங்கள். பைரன் சில பக்கம் எழுதிவிட்டுப் போர் அடித்து நிறுத்தினார். ஷெல்லியும் தொடங்கியதோடு சரி. அவருக்குப் பேய்க்கதை எழுத வராது, பயப்பட மட்டும் வரும். ஒருநாள் ராத்திரி பைரன் ஒரு கவிதையைப் படித்துக்காட்ட, வீறிட்டு அலறிக்கொண்டு ரூமை விட்டே ஓடினார். பாலிடோரி முகத்தில் தண்ணீர் தெளித்து, ஈதர் கொடுத்து ஆளைத் தேற்றினார். டாக்டர் அந்த ட்ரிப்பில் செய்த ஒரே உருப்படியான வைத்தியம் அதுதானோ என்னவோ!

மிஞ்சியது யார்? நாலரை மாசக் கைக்குழந்தையை வைத்திருந்த பதினெட்டு வயசுப் பெண். ‘கதை கிடைத்ததா?’ என்று தினமும் காலையில் கேட்பார்கள். இல்லை என்பாள். ஒருநாள் ராத்திரி கிடைத்தது. தான் உண்டாக்கிய உயிரைப் பார்த்துத் தானே பயந்து ஓடிப்போகும் ஒரு மேதாவியின் கதை. 1818-ல் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ 500 பிரதி அச்சானது, ஆசிரியர் பெயர் இல்லாமல். எழுதியது ஷெல்லிதான் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. பிள்ளையைக் கைவிட்ட அந்த அப்பன் கதையை மேரி யாருக்குச் சமர்ப்பித்தாள் தெரியுமா? வில்லியம் காட்வினுக்கு!

பைரனும் சும்மா இருக்கவில்லை. மத்தியானமே கோழிகள் அடைய ஓடும் அளவுக்கு ஒருநாள் இருட்டியதாம். கோழிகள் தூங்கப் போயின, பைரன் ‘டார்க்னஸ்’ என்ற கவிதை எழுதினார். சூரியன் அணைந்து எல்லோரும் செத்து, கடைசியில் இரண்டே பேர், ஜென்ம விரோதிகள். நெருப்பை ஊதி வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அந்த அசிங்கம் தாங்காமல் செத்தே போகிறார்கள்! எழுதியவர் முடி சுருளாக வரவேண்டும் என்று தலையில் பேப்பர் சுற்றிக்கொண்டு தூங்கி, நண்பரிடம் மாட்டிக்கொண்டவர் என்பதை நினைவில் வையுங்கள்.

பின்னால் தாமஸ் கேம்பெல் என்ற கவிஞரும் ‘கடைசி மனிதன்’ என்று ஒரு கவிதை வெளியிட்டார். பைரன் ஐடியாவைத்தானே சுட்டீர்கள் என்று கேட்டார்கள். கேம்பெல்லுக்குக் கோபம் வந்துவிட்டது: ஐடியா என்னுடையது, பைரனிடம் நான்தான் சொன்னேன் என்று 1825-ல் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். கடைசி மனிதனைப் பற்றி முதலில் நினைத்தது யார் என்று சண்டை!

இதற்குள், ஷெல்லியைக் கல்யாணம் செய்துகொண்டு மேரி ஷெல்லி ஆகியிருந்தவரின் உலகம் நிஜமாகவே காலியாகியிருந்தது. 1822-ல் ஷெல்லி இத்தாலியக் கடலில் மூழ்கினார். நீச்சல் தெரியாமல் படகு ஓட்டியவர் வேறென்ன செய்வார்? 1824-ல் பைரன் கிரேக்கத்தில் காய்ச்சலில் போனார். மேரிக்கு அப்போது வயசு இருபத்தாறு. உட்கார்ந்து ‘தி லாஸ்ட் மேன்’ எழுதினார். 1826-ல் மூன்று வால்யூமாக வந்தது.

கதை 21-ஆம் நூற்றாண்டில். நாயகன் லயனல் வெர்னி, அநாதை, ஆடு மேய்க்கும் முரட்டுப் பையன். இங்கிலாந்தின் ராஜா 2073-ல் முடியைத் துறக்கிறார். ஆகாயத்தில் இறக்கை கட்டிய பலூன்கள் பறக்கின்றன. பலே என்கிறீர்களா? யுத்தத்துக்கு மட்டும் இன்னும் குதிரையில்தான் போகிறார்கள். ராஜா மகன் ஏட்ரியன் அப்படியே ஷெல்லி. மெலிந்த உடம்பு, தங்கமான மனசு, ஒருதலைக் காதல் ஒன்றைத் தவிர வேறு பெண் விவகாரம் இல்லை. செத்த பிறகு புருஷர்களின் குணம் எவ்வளவு முன்னேறிவிடுகிறது!

பிறகு கொள்ளைநோய். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஏட்ரியனை நோய் தொடவில்லை. பிழைத்தாரா? படகேறினார், புயல் வந்தது, மூழ்கினார். நாவலிலும் அவரைப் படகில் ஏறவிடாமல் தடுக்க மேரியால் முடியவில்லை. லயனல் மட்டும் நீந்திக் கரையேறுகிறான். வழியில் காலி மாளிகை ஒன்றில் பரட்டைத் தலையோடு ஒரு காட்டுமிராண்டி எதிரே நிற்பதைப் பார்த்து மிரள்கிறான். நிலைக்கண்ணாடி. கடைசியில் ரோமுக்குப் போய், மொத்த ஊரையும் சொந்தமாக்கிக்கொண்டு என்ன செய்கிறான்? படிக்க உலகத்தில் ஓர் ஆள் இல்லாதபோது உட்கார்ந்து புத்தகம் எழுதுகிறான்! எழுத்தாளன் புத்தி எங்கே போகும்?

லயனலுக்கு விமர்சகர்கள் இல்லை. மேரிக்கு இருந்தார்கள். கடைசி மனிதன் எதற்கு, கடைசி மனுஷியாக வைத்திருக்கலாமே, பேச்சுத் துணை இல்லாத துக்கம் பெண்ணுக்குத்தானே தெரியும் என்று ஒரு லண்டன் பத்திரிகை நக்கல் அடித்தது. புத்தகம் அமுங்கிப்போனது, மறுபடி ஒழுங்காக அச்சேற 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. ஷெல்லியின் அப்பா சர் திமோதி, பேரனை வளர்ப்பதற்காக மேரிக்குக் கடன் கணக்கில் கொஞ்சம் பணம் கொடுத்துவந்தார். ஒரே கண்டிஷன்: ஷெல்லி என்ற பெயர் பத்திரிகையில் வரக்கூடாது. மேரியும் புத்தகத்தில் தன் பெயரைப் போடவில்லை. விமர்சகர்கள் போட்டுவிட்டார்கள். மாமனார் பணத்தை நிறுத்தினார். கெஞ்சிக் கூத்தாடித்தான் திரும்ப வந்தது. எப்படியும் வயசானவர், இன்னும் எத்தனை நாள் என்று மேரி பொறுமையாக இருந்தார். மூன்று வால்யூமில் மொத்த மனித குலத்தையும் தீர்த்துக்கட்டியவர்தான். சர் திமோதி 1844 வரை, தொண்ணூறு வயசு முடியச் சௌக்கியமாக இருந்தார்!