கேள்வி கேட்கும் நாற்காலி

தெலுங்கு நடிகர் சிரஞ்சீவி மேல் திருப்பதிக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. 2008-இல் பிரஜா ராஜ்யம் கட்சியை அங்கேதான் தொடங்கினார். மறு வருடத் தேர்தலில் சொந்த மாவட்டத்துப் பாலகொல்லு கைவிட்டபோதும் சட்டசபைக்கு அனுப்பி வைத்தது திருப்பதிதான். பதில் சொல்ல வேண்டிய நாற்காலி அது. 2012-இல் அதை விட்டு மாநிலங்களவைக்குப் போய்விட்டார்.

2017-இல், எம்.பி.யாக இருக்கும்போதே, மா டிவியின் ‘மீலோ எவரு கோடீஸ்வருடு’ வினாடி வினாவில் நாகார்ஜுனா எழுந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை கேள்வி கேட்டது அவர், முழித்தது ஜனங்கள். ஓட்டுப் போட்டவர்களுக்கு லைஃப்லைன் கிடைத்ததும் அங்கேதான்.

திருப்பதிக்குப் பக்கத்துச் சித்தூர்த் தமிழ் வீடுகளில் ரிமோட்டுக்கு இரண்டு தாய்மொழி. 2012-இல் விஜய் டிவியில் சூர்யாவிடம் கோடிக்கு ஆசைப்பட்டார்கள், 2014-இலிருந்து நாகார்ஜுனாவிடம். இடையிடையே ஈடிவியில் தொகுப்பாளர் சுமாவின் ‘ஸ்டார் மகிளா’. கேரளத்துப் பெண்ணான அவர் பேசும் தெலுங்கைக் கேட்டு, ‘நமக்கு இப்படி வருமா’ என்று உள்ளூர்க்காரர்களே வாய் பிளப்பார்கள்.

“தமிழில் கேட்டால் பதில் தெரியுமா அத்தை?”

“எந்த பாஷையில் கேட்டாலும் எனக்கு ஒரே மாதிரிதான்டா தெரியாது. நீ சத்தத்தைக் கூட்டு.”