கையடக்க ஜிபிஎஸ்ஸும் ஐந்திணையும்: ஒரு யூட்லாந்து ஆய்வு

ஐந்திணை இலக்கணத்தைக் காரின் முன்கண்ணாடியோரம் வைத்துப் பார்த்தவர் இதுவரை எவரும் இல்லை. அந்தக் குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுப் பொருள், டென்மார்க்கின் நடு யூட்லாந்தில் ஹெர்னிங் நகரத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று பல ஆண்டுகளாகக் காரிலும் காட்டிலும் கடற்கரையிலும் கொண்டு திரியும் கையடக்க ஜிபிஎஸ் கருவி. கைப்பேசி வந்து அதன் வேலையைப் பறித்த பிறகும் அது ஓய்வு பெறவில்லை. ஏன் என்பதே ஆய்வு வினா. "பழகிப்போச்சு" என்று குடும்பத் தலைவர் தந்த விடைக்கு ஆய்வுத் தகுதி போதாது, தள்ளுபடி செய்யப்பட்டது.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. கருவியின் திரையில் தோன்றுவனவும் இவ்விரண்டே: நிற்கும் இடம், நிற்கும் நேரம். இந்த அமைப்பை உருவாக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினர் பொருளதிகாரம் படித்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் பொழுதைக் கொண்டே நிலத்தை அறியலாம் என்ற நுட்பம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தத்தம் நேரத்தைச் சொல்லி அனுப்புகின்றன. அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நான்கு கோள்கள் அகப்பட்டால் இடம், உயரம், நேரம் மூன்றும் தெளியும். கணக்கில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் 300 மீட்டர் பிசகும்; அதாவது கோயிலுக்குப் புறப்பட்டவர் அடுத்த தெருவில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பார்.

ஒளிக்கும் ஒரு வேகம் உண்டு என்று 1676இல் காட்டியவர் ஓலே ரோமர். பிறந்த ஊர், ஹெர்னிங்கிலிருந்து கிழக்கே போனால் வரும் ஆர்ஹூஸ். வியாழனின் நிலவு ஒன்று மறைந்து தோன்றும் நேரம் முன்பின்னாவதைப் பார்த்து அவர் அதைக் கண்டுகொண்டார். பின்னாளில் டென்மார்க்கின் அளவைகளை ஒழுங்கு செய்து, சாலைகளை அளந்து மைல்கல் நட வழிசெய்தவரும் அவரே. ஒளியின் வேகம், சாலையின் தூரம் இரண்டிலும் கை வைத்தவரின் நாட்டில் இந்த ஆய்வு நடப்பது முறையானது. ஆய்வாளருக்கு வேறு நாடு போகப் பணமில்லை என்பது துணைக் காரணம்.

பொழுது பற்றி ஓர் இடர்ப்பாடு உண்டு. ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் பழைய முறை 1024 வாரம் ஆனதும் மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். முதல் சுழி 1999 ஆகஸ்டில் வந்தது, இரண்டாவது 2019 ஏப்ரலில். இதற்கு ஆயத்தமாக இல்லாத பழைய கருவிகளுக்குத் தேதி ஏறத்தாழ இருபது ஆண்டு பின்வாங்கியது. நம் ஆய்வுப் பொருளும் அவற்றுள் ஒன்று. 2019 கோடையில் அது 1999இன் பிற்பகுதியில் வாழ்ந்துகொண்டிருந்தது. கோபன்ஹேகனையும் சுவீடனின் மால்மோவையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலம் அதன் கணக்கில் இன்னும் திறக்கப்படவில்லை. திறந்தது 2000 ஜூலையில்தானே. இருந்தும் இடத்தைச் சரியாகவே சொன்னது. வீட்டிலுள்ள பாட்டியார் இதைக் கேட்டுக் கலங்கினார். இராகு காலம் பார்ப்பது எப்படி? கலங்க வேண்டியதில்லை. பின்வாங்கியவை முழு வாரங்கள் என்பதால் தேதி தவறினாலும் கிழமை தவறாது.

கருப்பொருளைச் சுருக்கமாக முடிப்போம். தெய்வம், டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார். உணவு, இரண்டு பென்டார்ச் பேட்டரி. பறை, திருப்பம் வரும்போது எழும் 'கீச்'. யாழ் இல்லை, பின்சீட்டுப் பிள்ளைகள் அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இனி நிலம். டென்மார்க்கில் குறிஞ்சி உண்டா என்பது அறிஞரிடையே ஓயாத பூசல். சில்கபோர்க் அருகேயுள்ள ஹிம்மெல்பியர், பெயரிலேயே வான்மலை. 1847 வரை நாட்டின் உச்சி என்ற பெருமை அதற்கு இருந்தது. உயரம் 147 மீட்டர். அளந்து பார்த்ததும் பெருமை ஐயர் பாவ்னஹொய்க்குப் போனது, பின்பு யூடிங் ஸ்கோவ்ஹொய் போட்டிக்கு வந்தது. 2005இல் மறுபடி அளந்தபோது, ஐயர் பாவ்னஹொய்க்குப் பக்கத்தில் எவரும் பொருட்படுத்தாமல் கிடந்த முல்லஹொய் முந்தியது. முல்லஹொய் 170.86 மீட்டர், ஐயர் பாவ்னஹொய் 170.35 மீட்டர். ஒரு நாட்டின் மகுடம் 51 சென்டிமீட்டரில் கைமாறியிருக்கிறது.

நம் கருவி உயரத்தைச் சொல்வதில் பத்து மீட்டர் முன்பின்னாக உளறும். கோள்கள் இருக்கும் நிலையால் ஜிபிஎஸ்ஸுக்குக் கிடைத்தளவைவிட நெட்டளவு எப்போதும் கடினம். ஆக, இதைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மூன்று மேடுகளிலும் ஏறினால், எந்த மேட்டுக்கும் எந்த நாளிலும் முடிசூட்டலாம். குடும்பத் தலைவர் அப்படி ஒரு முறை தம் வீட்டுப் புல்வெளியையே யூட்லாந்தின் சிகரங்களோடு சேர்க்கப் பார்த்தார். அந்த முடிவை இக்கட்டுரை ஏற்கவில்லை. டென்மார்க்கில் குறிஞ்சி இல்லை, ஆசை உண்டு.

முல்லை தாராளமாக உண்டு. நடு யூட்லாந்தின் வறண்ட புதர்நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் நட்டு வளர்த்த ஊசியிலைக் காடுகள் அவை. முல்லைக்குரிய ஒழுக்கம் இருத்தல், அதாவது காத்திருத்தல். பேட்டரி போட்டதும் கருவி செய்வதும் அதுவே. ஈர மரக்கூட்டத்தின் கீழ் கோள்களின் மெலிந்த குரல் மேலும் மெலிகிறது. காளான் பறிக்கப் போனவர்கள் வந்த வழியைப் பின்பு திரையில் பார்த்தால், ஏரி நடுவே நடந்து திரும்பியதாகக் கோடு இருக்கும். காலுறை நனையவில்லை என்பதே மறுப்புச் சான்று.

மருதத்துக்கு வருவோம், ஊடல் இங்கேதான். வயலும் வட்டச் சந்தியும் நிறைந்த யூட்லாந்துச் சாலையில் கருவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் தீர்த்துவிட்டது. ஓட்டுபவர் கைப்பேசியைக் கையில் பிடித்தால் 2019 செப்டம்பர் முதல் உரிமத்தில் 'கிளிப்' விழும். மூன்றாண்டுக்குள் மூன்று விழுந்தால் திரும்பவும் ஓட்டுநர் பரீட்சை. எனவே கருவி எதுவானாலும் பக்கத்து இருக்கைக்கு. அதற்குக் கீச்சிடத் தெரியுமே தவிரப் பேசத் தெரியாது. பேசுகிறவர் தலைவி.

"இஞ்சாலை திருப்புங்கோ எண்டு அது சொல்லுது."

"அது சொல்லுதோ, நீர் சொல்லுறீரோ?"

"நான் சொல்லி எப்ப கேட்டனீங்கள்? அதுதான் அதைக்கொண்டு சொல்லுவிக்கிறன்."

ஊடல் தணிக்கும் வாயில்கள் பன்னிரண்டு பேரைத் தொல்காப்பியம் எண்ணுகிறது. தோழி, பாணன், பாங்கன் என்று. பதின்மூன்றாவதாக இதைச் சேர்க்கலாம் என்பது நம் துணிபு. பாணனாவது பரிசு கேட்பான். கருவியின் வரைபடம் பழையது என்பதால் சிக்கல் கூடுகிறது. சில்கபோர்க் வழியாக ஆர்ஹூஸ் போகும் விரைவுச்சாலை 2016இல் முழுமை பெற்றது. கருவிக்கு அது தெரியாது. நூற்றுப்பத்தில் ஓடும் காரை அது உழவுநிலத்தின் நடுவே காட்டுகிறது. மருதம் என்று நாம் வகைப்படுத்தியதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நெய்தலுக்குரியது இரங்கல். தென்மேற்கே வாட்டன் கடலில் மான்டோ என்னும் சிறு தீவு. அங்கே போகும் சரளைப்பாதை கடலடித் தரைமேல் கிடக்கிறது. நாளுக்கு இருமுறை நீரேறினால் மூழ்கிவிடும். கருவியைக் கேட்டால் பாதை உண்டு என்கிறது. பாதைமேல் இப்போது கடல் இருக்கிறதா என்ற கேள்வி அதன் பாடத்திட்டத்தில் இல்லை. கரையில் காரை நிறுத்தி, கட்டிக் கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டபடி நீர் வடியக் காத்திருக்கும் குடும்பமே இரங்கலின் உரு. நீரேற்ற அட்டவணை பார்க்காமல் எவரும் அந்தப் பாதையில் இறங்க வேண்டாம். இது மட்டும் விளையாட்டில்லை.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது, வளம் கெட்ட வேறு நிலமே பாலையாகும் என்பது நம் மரபு. யூட்லாந்தின் வடமுனையில் ஸ்காகன் போகும் வழியில் உள்ள ரோபியர் மீல அப்படியொன்று: ஏறத்தாழ நாற்பது மீட்டர் உயர மணல்மேடு, காற்றில் ஆண்டுக்கு 18 மீட்டர் வரை நகர்கிறது. பாலையின் ஒழுக்கம் பிரிதல். மேட்டின் உச்சியில் நின்று புள்ளி பதித்துவிட்டு வந்தால், பத்தாண்டில் புள்ளி அங்கேயே இருக்க, மேடு 180 மீட்டர் வரை போயிருக்கும்.

இந்த ஆய்வின் முடிமணி ரூபியர் க்னூட கலங்கரை விளக்கம். 1900 முதல் 1968 வரை எரிந்து, பின்பு மணலோடு போராடி, கடைசியில் கடல் அரிக்கும் செங்குத்துக் கரையின் விளிம்புக்கு வந்துவிட்டது. 2019 அக்டோபர் 22 அன்று, உள்ளூர்க் கொத்தனார் ஒருவரின் ஏற்பாட்டில், 23 மீட்டர் உயரக் கோபுரத்தை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி 70 மீட்டர் உள்ளே தள்ளினார்கள். அதற்கு முன் பதித்த புள்ளியைத் தேடிப் போனால் கருவி 70 மீட்டர் தள்ளி விளிம்புக்கு அழைக்கும். கருவியின் பிழை சில மீட்டர்தான். மீதி கட்டடத்தின் பிழை. இதற்கும் அடியில் கண்டத்தட்டே ஆண்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர் நகர்கிறது. ஐரோப்பிய நில அளவையாளர்கள் அந்தத் தொல்லை தாளாமல் 1989இன் நிலையில் ஆயங்களை நிறுத்தி, தட்டோடு கூடவே நகரும் முறையொன்றை வகுத்துக்கொண்டார்கள்.

முடிவு: பல ஆண்டு உழைத்த கருவி பிழைபடவில்லை, நாடுதான் இடம் மாறியிருக்கிறது. ஆகவே பழைய கையடக்கக் கருவி வைத்திருப்போருக்கு விண்ணப்பம் ஒன்று. பழைய புள்ளிகளை அழிக்காதீர்கள்; கலங்கரை விளக்கம் முன்பு எங்கே நின்றது என்பதற்கு உங்கள் வீட்டில் இருக்கும் ஆவணம் அவை. குளிர்காலத்தில் பேட்டரியை மட்டும் கழற்றி வையுங்கள். அது கசிந்து கருவி கெட்டுப்போனால் ஐந்திணையில் அதற்கு விளக்கம் இல்லை.