மேப்பிள் லீஃப்ஸும் அசராத ரசிகரும்

கேள்வி: டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணி கோப்பையே வாங்குவதில்லை. ஆனாலும் அரங்கம் நிரம்பி வழிகிறதே, எப்படி?

பதில்: கடைசியாக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியது 1967-ல். அப்போது லீக்கில் இருந்ததே 6 அணிகள்தான், இப்போது 32! 2013 பிளேஆஃப் தொடரில் பாஸ்டனோடு வெற்றியைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம். கடைசி பீரியடில் 4-1 என்று முன்னிலை. ரசிகர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பாஸ்டன் ஒரு கோல் போட்டது. பிறகு கோல்கீப்பரை வெளியே அழைத்துக்கொண்டு கூடுதலாக ஓர் ஆட்டக்காரரை இறக்கி, கடைசி ஒன்றரை நிமிடத்தில் இரண்டு கோல் அடித்தது. கூடுதல் நேரத்தில் கதை முடிந்தது. சூடு கண்ட பூனை அடுப்படிப் பக்கம் போகாது. இந்த ரசிகரோ சீசன் தொடங்கும் அக்டோபர் பிறந்தால் நீலச் சட்டையோடு வாசலில் நிற்பார். டிக்கெட் விலையை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.