கி.மு. 4000-இல் குடியிருப்பவர்

பகலில் அவர் வங்கியில் கடன் பிரிவைப் பார்ப்பவராக இருக்கலாம், ஐ.டி. கம்பெனியில் டீம் லீடாக இருக்கலாம். இரவு பத்தரைக்கு மேல் பேரரசர். பேரரசு எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது. அது இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

சிட் மையர் 1991-இல் கொண்டுவந்த 'சிவிலைசேஷன்' என்ற கணினி விளையாட்டுக் குடும்பத்தின் தீவிர பக்தர் இவர். கி.மு. 4000-இல் ஒரு குடியேறிக் கூட்டத்தையும் தடி ஏந்திய ஒரே ஒரு வீரனையும் கையில் கொடுத்து, பிழைத்துக்கொள் என்று விட்டுவிடுவார்கள். நாம் ஒரு முறை, எதிராளிகள் ஒரு முறை என்று மாறி மாறிக் காய் நகர்த்தி, சக்கரம், எழுத்து, வெடிமருந்து என்று ஏறி விண்வெளிவரை போகலாம். ஆறாம் பதிப்பில் சாதாரண வேகத்தில் 500 டர்ன். இதை ஆடுகிறவர்களுக்கு வரும் நோய் உலகப் பிரசித்தம்: 'இன்னும் ஒரே ஒரு டர்ன்' என்று சொல்லிச் சொல்லியே பால் பாக்கெட் வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள். நம்மவருக்கு அந்த நோய் கிடையாது. முதல் டர்னே முடியாதவருக்கு அடுத்த டர்ன் ஆசை எங்கிருந்து வரும்?

தலைநகருக்கு அவர் இடம் பார்க்கும் அழகைப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்க்க வேண்டும். திரை முழுக்க அறுகோணக் கட்டங்கள். மௌஸ் அம்பு ஒவ்வொரு கட்டத்தின் மேலும் போய் நின்று, யோசித்து, நகரும். "சமவெளிக் குன்று. ரெண்டு சாப்பாடு, ரெண்டு உற்பத்தி. ஆறு ஒட்டிக்கிட்டே போகுது" என்று முணுமுணுப்பார். குடியேறிகளை அசைக்க மாட்டார். வீரனை முதலில் ஒரு மேட்டில் ஏற்றி, அந்தப் பக்கம் என்ன தெரிகிறது என்று பார்ப்பார். கல் தெரியும். முகம் மலரும். "குவாரி போட்டா கல் கட்டுமானக் கலைக்கு யுரேகா கிடைக்கும்." கோதுமை தெரியும். "வயல் போட்டா பாசனத்துக்கு யுரேகா." எல்லாம் கூடி வந்துவிட்டது, இதோ நகரம் எழும்பப் போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது உச்சுக்கொட்டுவார்.

"அந்தக் கல்லு ஒரு கட்டம் இந்தப் பக்கம் இருந்திருக்கலாம்."

மெனு. ரீஸ்டார்ட். ஓர் உலகம் அதன் கண்டங்களோடும் கடல்களோடும் ஒழிந்து, இன்னொன்று உருவாகும்.

யுரேகா என்பது, ஏதாவது ஒரு காரியத்தைச் செய்து காட்டினால் அதற்குரிய ஆராய்ச்சியில் தானாகவே கிடைக்கும் தள்ளுபடி. 2016-இல் ஆறாம் பதிப்பு வந்தபோது பாதிக்குப் பாதி கிடைத்தது. 2018-இல் வந்த விரிவாக்கத்தில் அதை 40 சதவீதமாக்கிவிட்டார்கள். வருமான வரி ஏறியபோதுகூட வாயைத் திறக்காத மனிதர், இந்தப் பத்து சதவீதத்தை நினைத்து இன்றைக்கும் பொருமுகிறார்.

தண்ணீர் விஷயத்தில் ஆள் படு கறார். ஆற்றையோ ஏரியையோ தொட்டு நகரம் வைத்தால் வீட்டு வசதி 5, கடலோரமானால் 3, இரண்டும் இல்லாவிட்டால் 2. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். "தண்ணி இல்லாத இடத்துல ஊரை வைக்கிறவன் ராஜாவா சார்?" என்பார். இவர் குடியிருக்கும் ஃபிளாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கண்காட்சியில் அரைமணி நேரத்தில் அட்வான்ஸ் கொடுத்து முடித்தார். நிலத்தடி நீர் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்திரை பிறந்தால் லாரித் தண்ணீர்தான்.

எக்செல் ஷீட் தனிக் கதை. 'ஓப்பனிங்_கடைசி', 'ஓப்பனிங்_கடைசி_புதுசு', 'ஓப்பனிங்_இதுதான்_கடைசி' என்று வரிசையாகக் கோப்புகள். தலைநகரில் முதலில் ஸ்கவுட்டா, ஸ்லிங்கரா என்பது அதில் தீராத வழக்கு. ஸ்கவுட் போட்டால் நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம், குடிசைகளில் பரிசு வாங்கலாம். கவண் எறியும் ஸ்லிங்கர் எதிரி ஒருவனைச் சாய்த்துவிட்டால் வில்வித்தைக்கு யுரேகா. இரண்டையும் விட்டுவிட்டு உடனே இரண்டாவது குடியேறிகளை அனுப்பலாமென்றால், அதற்கு ஊரில் இரண்டு பேராவது இருக்க வேண்டும்; புறப்படும்போது ஒரு தலை குறையும்; போகப்போக ஒவ்வொரு கூட்டத்துக்கும் விலை வேறு ஏறும். இதற்கெல்லாம் தனித்தனி நிறத்தில் பத்திகள். முப்பதாவது டர்ன் வரைக்கும் ஷீட் நெல்மணி சிந்தாமல் நிரம்பியிருக்கும். முப்பத்தொன்றில் 'சூழ்நிலைக்கு ஏற்ப' என்று மட்டும் எழுதியிருக்கும். அதற்குமேல் எழுதத் தேவை வந்ததில்லை.

அபூர்வமாக அவ்வளவு தூரம் போவதுண்டு. போனால், புதரிலிருந்து காட்டுமிராண்டிகளின் ஒற்றன் ஒருவன் எட்டிப் பார்ப்பான். ஊரைக் கண்டுவிட்டான் என்பதற்கு அடையாளமாக அவன் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி முளைக்கும். அவன் முகாமுக்கு உயிரோடு திரும்பினால் ஒரு படையே கிளம்பி வரும். மற்றவர்கள் துரத்திப் பிடிக்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் சண்டை போடுவார்கள். நம்மவர் அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்ததுமே மெனுவுக்குப் போய்விடுவார். ஒரு போரிலும் தோற்காத மன்னர்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தொடக்கம் முக்கியம் என்று அவர் சொல்வதில் தப்பே இல்லை. 'டீட்டி' என்ற உச்சக் கடினத்தில் நாம் ஒரு குடியேறிக் கூட்டத்தோடு கிளம்பும்போது, கணினி எதிராளிகள் மூன்று கூட்டத்தோடு கிளம்புகிறார்கள். அங்கே பத்தாவது டர்னில் சறுக்கியது நூறாவது டர்னில் வட்டியோடு வரும். கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இதற்காகத்தான் திட்டம் போடுகிறார்கள். போட்டுவிட்டு ஆடவும் ஆடுகிறார்கள். இவருக்குத் திட்டத்தின் மேல் இருக்கும் பாசம், ஆட விடமாட்டேன் என்கிறது. நகரத்தை வைத்துவிட்டால் அது ஏதோ ஒரு நகரமாகிவிடும், வைக்காதவரை ரோமாபுரி.

வீட்டம்மா முதலில் "ஜெயிச்சாச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது "இன்னிக்கு எந்த நாட்டுக்கு இடம் பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைக்கிறார்.

கல்லூரி விடுமுறைக்கு மச்சினன் வந்தபோதுதான் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தவன், குடியேறிகள் நின்ற இடத்திலேயே நகரத்தை வைத்துவிட்டான். ஏன்டா என்றால், "நின்னுட்டுத்தானே இருந்தாங்க மாமா" என்றான். ஸ்கவுட்டும் இல்லை, ஸ்லிங்கரும் இல்லை; படம் நன்றாக இருக்கிறது என்று எதையெதையோ கட்டினான். காட்டுமிராண்டிகள் இரண்டு தடவை வந்து வயலை நாசம் பண்ணிவிட்டுப் போனார்கள், இவன் சிப்ஸ் தின்றபடி மறுபடி உழுதான். எளிமையான நிலையில் ஆடினான் என்பது வாஸ்தவம். இருந்தாலும் விடுமுறை முடிவதற்குள், "மாமா, நம்மாளு விண்வெளிக்குப் போய் ஜெயிச்சுட்டான்!" என்று கூவினான். மாமா வந்து திரையைப் பார்த்தார். ராக்கெட்டைப் பார்க்கவில்லை. வரைபடத்தை நகர்த்தி நகர்த்தித் தலைநகரத்தைத் தேடிப் பிடித்தார்.

"ஆறு மூணே கட்டத்துல இருந்திருக்கு. தள்ளி வெச்சிருக்கியேடா!"

மச்சினன் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அந்த ஆட்டத்தை அழித்தார் என்று கேள்வி.

2025 பிப்ரவரியில் ஏழாம் பதிப்பு வந்தது. அதில் சோழர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. "ராஜேந்திரன் கடாரம் போனது 1025. கரெக்டா ஆயிரம் வருஷம் சார்!" என்று லிஃப்டில் அகப்பட்டவரிடமெல்லாம் சொன்னார். முதல் நாளே காசு கட்டி வாங்கினார். சோழருக்குரிய கப்பலின் பெயர் 'கலம்' என்று கேட்டுப் புல்லரித்தார்.

பிறகுதான் தெரிந்தது, ஏழாம் பதிப்பில் வரலாறு மூன்று யுகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; யுகத்துக்கு யுகம் நாடு மாறும். சோழர் வருவது இரண்டாவதான கடலோடி யுகத்தில். முறைப்படி போவதென்றால் முதலில் மௌரியராகத் தொடங்கி, தொன்மை யுகம் முழுவதையும் ஆடித் தீர்த்துவிட்டுப் போக வேண்டும். ஆடித் தீர்ப்பது! அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

சோழர்களுக்கான ஷீட் தயாராக இருக்கிறது. கலங்கள் எத்தனை, எந்தத் துறைமுகம், எந்தக் கடல் வழி எல்லாம் புலிக்கொடி மஞ்சளில் வண்ணம் தீட்டியிருக்கிறார். போன வாரம் தெருமுனையில் பார்த்தபோது, சோழர் வந்தாயிற்றா என்று விசாரித்தேன்.

"எங்க சார்," என்றார், தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கியபடியே. "மௌரியருக்கே இன்னும் நல்ல ஆறா ஒண்ணு அமையல."