காசு விழாத வீட்டுக்கு எந்த மெஷின்?

வா மருமகனே, இப்படி உட்காரு. டெக்சாஸ்ல ரெண்டு கார் நிக்கிற கராஜைக் கட்டி, ரெண்டு காரையும் வெயில்ல நிறுத்திட்டு, அந்த எடத்துல பழைய ஆர்க்கேட் மெஷின் மூணு வாங்கி வைக்கப் போறேன்னு சொன்னே பாரு, கேட்டதும் எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. சம்பாதிக்கிறது எவனும் செய்வான். அதைக் கரைக்கிறதுக்குத்தான் தனித் தெறமை வேணும். நம்ம குடும்பத்துல அந்தக் கலை எங்க மச்சானோட போயிருமோன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன். பரவாயில்லே, வாரிசு இருக்கு.

நீ எழுதிக் காட்டுன பட்டியலையும் பாத்தேன். டிராகன்ஸ் லேர், நிஞ்சா டர்ட்டில்ஸ், டெம்பஸ்ட். மூணும் பேர் பெத்த மெஷின். தாராளமா வாங்கு. முதல் மாசம் அந்தத் தெருவுல இருக்கிற தமிழாளுக அம்புட்டுப் பேரும் உன் கராஜுலதான் கெடப்பாங்க. மூணாம் மாசம் உன் வீட்டுக்காரி அதுமேல பெட்ஷீட்டைக் காயப்போடுவா. அவ எனக்கு மக முறை. நாளைக்குப் பஞ்சாயத்து வந்தா நான் அவ பக்கம்தான் பேசுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

டி.வி. மெக்கானிக்குக்கு வீடியோ கேமைப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்கிறே, மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு. அந்த மரப்பெட்டிக்குள்ள பாதி எடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கிறது நான் ஆயுசு பூரா கட்டி மாரடிச்ச பிக்சர் டியூப்தான். போதாததுக்கு, எங்க பெரியவன் சிகாகோவுல இருக்கையில பக்கத்துல புரூக்ஃபீல்டுங்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க 2010-ல தொறந்த கேலப்பிங் கோஸ்ட்னு ஒரு ஆர்க்கேட். 900-க்கு மேல மெஷின். வாசல்ல ஒரு தடவை பணம் கட்டிட்டா நாள் பூரா எதை வேணாலும் ஆடலாம், மெஷினுக்குன்னு தனியா காசு போட வேண்டாம். அவன் ஆடுனான், நான் ஓரமா நின்னு ஆளுகளைப் பாத்தேன். சில மெஷின் முன்னால வந்தவன் ரெண்டு நிமிசத்துல நகந்துருறான். சிலது முன்னால நரைச்ச தலைக்காரன் வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, இன்னும் ஒரே ஒரு ஆட்டம், இன்னும் ஒரே ஒரு ஆட்டம்னு நிக்கிறான். உன் கராஜும் ஓசி ஆர்க்கேட்தானே? அங்க எது முன்னால ஆள் நின்னானோ, உன் வீட்டுலயும் அது முன்னாலதான் நிப்பான்.

இந்தத் தொழில் வேர் பிடிச்சதே காசுப் பெட்டியிலதான். 1972-ல அட்டாரி கம்பெனிக்காரன் போங்னு ஒரு ஆட்டத்தைச் செஞ்சு, கலிபோர்னியாவுல சன்னிவேல்ங்கிற ஊர்ல ஒரு மதுக்கடையில வச்சுப் பாத்தான். கொஞ்ச நாள்ல மெஷின் மக்கர் பண்ணுதுன்னு கடையிலேர்ந்து ஆள் கூப்பிட்டாங்க. அதைச் செஞ்ச ஆல்கார்ன் போய்த் தொறந்து பாத்தா, கோளாறு ஒண்ணும் இல்லே. காசு நெறைஞ்சு, கொள்ளாம அடைச்சுக்கிட்டு இருக்கு. அதுக்குப் பெறகு ஆட்டம் செஞ்சவன் எல்லாருக்கும் ஒரே கணக்குதான்: காசு போட்டவனை நாலஞ்சு நிமிசத்துல சாகடிக்கணும், செத்தவன் கோவிச்சுக்காம அடுத்த காசை எடுக்கணும். முதல் காரியம் சுலபம். ரெண்டாவதுதான் வித்தை.

அந்த அடுத்த காசுக்கு என்ன கிடைக்குதுன்னு பாரு, அதுலதான் உன் பணம் பிழைக்கிறதும் தொலையிறதும் இருக்கு. 1980 வாக்குல வந்த ஆட்டங்கள்ல பெரும்பாலும் செத்தா செத்ததுதான். மறுபடி காசு போட்டா முதல்லேர்ந்து தொடங்கணும். போன தடவை 18,000 எடுத்தோமே, இந்தத் தடவை 20,000-த்தைத் தாண்டிரணும்ங்கிற வீம்புதான் கைமுதல். வீம்புக்குக் காசு வேண்டாம், அது வீட்டுலயும் வேலை செய்யும். பின்னால வந்த பலதுல, செத்த எடத்துலயே காசு போட்டு எந்திரிச்சு நடக்கலாம். காசு இருக்கிற வரைக்கும் சாவே கிடையாது. வீட்டுல காசுக்கு ஏது பஞ்சம்?

நிஞ்சா டர்ட்டில்ஸ் அந்த ரகம். 1989-ல கொனாமி விட்டது. நாலு பேரு தோளோட தோள் உரசிக்கிட்டு ஆடுறது சத்தமும் சிரிப்புமா நல்லாத்தான் இருக்கும். ஆனா பட்டனை அமுக்கி அமுக்கி உயிரை வாங்கிக்கிட்டே போனா, ஒரு மணி நேரத்துக்குள்ள வில்லனைச் சாச்சுப்புட்டு வணக்கம் போட்டுரலாம். மறுநாள் எதுக்காக ஆடுவே? பொறந்தநாள் விருந்துக்கு ஆகும். வருசத்துல வர்ற நாலு பொறந்தநாளுக்காக அம்மாம் பெரிய பெட்டியை வச்சுக் காவல் காப்பேங்கிறியா, உன் இஷ்டம். இன்னும் ரெண்டு பிள்ளையைப் பெத்துக்கோ, கணக்கு சரியாயிரும்.

டிராகன்ஸ் லேர் சங்கதி வேற. 1983-ல வந்தது. டிஸ்னியிலேர்ந்து வெளிய வந்த டான் புளூத் செஞ்ச கார்ட்டூன், லேசர்டிஸ்க்ல ஓடும். மத்ததெல்லாம் புள்ளி புள்ளியா நகந்த காலத்துல இதைப் பாத்தவன் வாயைப் பொளந்தான். மத்ததுக்கு 25 சென்ட்டுன்னா இதுக்கு 50 சென்ட் கேட்டான், அதையும் கொடுத்தாங்க. ஆனா ஆட்டம்னு பாத்தா, இடது, வலது, மேலே, கீழே, கத்தி. எந்த நேரத்துல எந்தப் பக்கம்னு மனப்பாடம் ஆயிட்டா மிச்சம் சினிமாதான், அதுவும் அரை மணி நேரம்கூட ஓடாத சினிமா. அந்த லேசர்டிஸ்க் பிளேயர் அன்னைக்கே நாள் பூரா ஓடத் தாங்காம படுத்துக்கிட்ட சாமான். நாப்பது வருசம் கழிச்சு உன் மூஞ்சிக்காகத் திருந்தப் போகுதா?

டெம்பஸ்ட் மேல மட்டும் எனக்கும் ஒரு கண்ணு உண்டு. சாதா டி.வி. என்ன பண்ணும்? மேலேர்ந்து கீழ வரைக்கும் வரி வரியா இழுத்துத் திரை பூரா நெரப்பும். டெம்பஸ்ட் மாதிரி வெக்டர் மெஷின்ல அந்த எலக்ட்ரான் கதிர், எங்க கோடு வேணுமோ அங்க மட்டும் போய் இழுத்துட்டு வரும். நம்ம வீட்டுப் பொம்பளைக கோலம் போடுறாப்ல, கோடு உள்ள எடத்துல மட்டும் மாவு. சுத்தியும் கன்னங்கரேல்னு இருட்டு. அந்தக் கோட்டுல இருக்கிற பளபளப்பை எந்த எல்.சி.டி.யிலயும் நான் பாக்கலே. பழைய மெஷினை வீட்டுல வச்சுக்க ஒரு நியாயம் உண்டுன்னா இதைச் சொல்லலாம். ஆனா 1981-ல டெம்பஸ்ட்டுக்குள்ள வச்ச அந்தக் கலர் வெக்டர் மானிட்டரைத் தொட்ட மெக்கானிக் எவனும் அதைப் பத்தி நல்ல வார்த்தை சொல்ல மாட்டான். கதிரை இங்கயும் அங்கயும் வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கிற சர்க்யூட்டு, டிரான்சிஸ்டர் சூடேறிச் சூடேறிச் சாகும். நீயோ சாஃப்ட்வேர்க்காரன். சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு உனக்குத் தெரியுமா?

வெக்டர் வேணும்னா அஸ்டராய்ட்ஸ் வாங்கு. 1979, அதுவும் அட்டாரிதான். கறுப்பு வெள்ளை, அதனால மானிட்டரும் கொஞ்சம் சாது. சுமார் 70,000 மெஷின் வித்ததால சாமானும் கிடைக்கும், சீக்கு தெரிஞ்ச ஆளும் கிடைப்பான். ஜாய்ஸ்டிக்கே இல்லே, அஞ்சு பட்டன்: இடது திரும்பு, வலது திரும்பு, தள்ளு, சுடு, மாயமாப் போ. அந்த அஞ்சாவது பட்டன் உன்னைக் காப்பாத்தவும் செய்யும், கல்லு மேலயே கொண்டுபோய் மோதவும் செய்யும். சுடுற குண்டு ஒவ்வொண்ணும் கண்ணுக்குள்ள நிக்கிற வெளிச்சம்.

பேக்-மேன் எங்கன்னு நான் கேக்கலே, நீ பட்டியல்ல போடாததே நல்லது. 1980-ல நாம்கோவுல டோரு இவாடானி செஞ்ச ஆட்டம், மூஞ்சியைத் தெரியாதவன் கிடையாது. ஆனா அந்தப் பேய்க நாலும் சொன்ன சொல் மாறாததுக. நீ ஒரே வழியில போனா அதுகளும் ஒரே வழியில வரும். வழியை நெட்டுருப் போட்டவன் 255 ரவுண்டு ஆடுவான், 256-வதுல எண் கொள்ளாம பாதித் திரை குப்பையாயிரும். 1999-லயே ஒருத்தர் அம்புட்டையும் தின்னு 33,33,360 எடுத்துக் கதையை முடிச்சாச்சு. வீட்டுக்கு ஏத்தது மிஸ் பேக்-மேன். எம்.ஐ.டி. படிப்பைப் பாதியில விட்ட பயலுக சிலபேரு, பேக்-மேன் போர்டுல மேல்சாமான் மாட்டிச் செஞ்சதை அமெரிக்காவுல மிட்வே கம்பெனி வாங்கி வித்துச்சு. நாலு விதமான கட்டம், பழம் நடந்து வரும், பேய்க இஷ்டத்துக்குத் திரும்பும். நெட்டுரு பலிக்காது. லட்சத்துக்கு மேல செஞ்சதால இன்னைக்கும் உதிரி சாமான் கிடைக்குது. பட்டன் வேலையும் இல்லே, ஒரே குச்சி. உன் வீட்டுக்காரி ஒரு வாரத்துல உன்னை முந்திருவா. அதைத் தாங்குற மனசு இருந்தா வாங்கு.

நாம்கோவோடதே இன்னொண்ணு, 1981-ல வந்த கலாகா. குச்சி இடமும் வலமும் மட்டும், சுட ஒரு பட்டன். மேலேர்ந்து ஒரு வில்லன் வலையை வீசி உன் கப்பலைப் பிடிச்சிட்டுப் போவான். இருக்கிறதுல ஒண்ணைத் தானே தூக்கிக் கொடுத்துட்டு, பெறகு அவனைச் சுட்டு மீட்டா ரெண்டு கப்பல் ஒட்டிக்கிட்டு ஒண்ணா சுடும். வேணும்னே தோத்து, பெறகு ஜெயிக்கணும். இந்தச் சூது யாருக்குப் பிடிக்குதோ இல்லையோ, எனக்குப் பிடிச்சது. சிகாகோவுல நான் குச்சியைப் பிடிச்சது இது ஒண்ணுலதான்.

டாங்கி காங்கும் டிஃபெண்டரும் ஆட்டத்துல ராஜா. ஆனா விருந்தாளியை அவமானப்படுத்தி அனுப்புற ராஜா. டிஃபெண்டருக்கு மேலும் கீழும் போற குச்சி ஒண்ணு, பட்டன் அஞ்சு. புதுசா நிக்கிறவன் எதை அமுக்கணும்னு யோசிக்கிறதுக்குள்ள கப்பல் சிதறியிருக்கும். தனியா உட்கார்ந்து பழகுற பொறுமை உனக்கு இருந்தா நீ இப்படியா இருப்பே?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஒரே ஒரு விதி. வீட்டுல எதிராளி உண்டா? இருந்தா 1991-ல வந்த அந்த மெஷின் காசு வாங்காமலே வருசக்கணக்கா ஓடும். இல்லாட்டி ஒத்தக் கை ஓசைதான். அதே கேப்காம் 1993-லேர்ந்து விட்ட சி.பி.எஸ்.-2 போர்டுகள்ல ஒரு கள்ளத்தனம் இருக்கு. திருட்டுக் காப்பிக்குப் பயந்து பூட்டுச் சாவியை ஒரு பேட்டரியோட தயவுல வச்சிருக்கான். பேட்டரி தீந்தா ஆட்டமே செத்துரும். இப்ப அதை எழுப்பவும் வைத்தியம் கண்டுபிடிச்சாச்சு, ஆனா வாங்கும்போதே கேட்டுக்கோ.

ஒரே பெட்டியில அறுபது ஆட்டம், அம்புட்டும் மலிவுன்னு ஒருத்தன் வருவான். அவன்கிட்ட ஜாய்ஸ்டிக் எத்தனை திசைன்னு கேளு. மிஸ் பேக்-மேனுக்கு நாலு திசைக் குச்சி வேணும். எட்டுத் திசைக் குச்சியை வச்சு ஆடுனா முக்குல திரும்பாம நிக்கும், பழி உன் மேல விழும். 2018-லேர்ந்து வர்ற ஆர்க்கேட்1அப் மாதிரி முக்கால் அளவுப் பெட்டிகளைப் பிள்ளைகளுக்கு வாங்கலாம். உன் உசரத்துக்கு அது முன்னால நின்னா குனிஞ்சு மன்னிப்புக் கேக்கிற மாதிரி இருக்கும்.

சரி, விக்கிறவன் வீட்டுக்குப் போறே. முதல்ல மெஷினை அணைக்கச் சொல்லி டியூப்பைப் பாரு. அணைச்ச பெறகும் ஆட்டத்தோட கோடு கண்ணாடியில தெரிஞ்சா, வருசக்கணக்கா ஒரே படம் ஓடித் திரை வெந்திருக்குன்னு அர்த்தம். பின்கதவைத் தொறந்து போர்டுல பேட்டரி எங்க இருக்குன்னு தேடு. டிஃபெண்டர் மாதிரி வில்லியம்ஸ் மெஷின்கள்ல சின்னப் பேட்டரிக் கட்டை மூணு உட்கார்ந்திருக்கும், அது கசிஞ்சு போர்டையே தின்னுரும். பச்சை பூத்திருந்தா விலையைக் குறை, இல்லே எந்திரிச்சு வா. நீ போனவுடனே விக்கிறவன் போட்டுக் காட்டுனா போதாது, ஒரு மணி நேரம் ஓடவிடு. டிரை சால்டரும் உப்பிப்போன கண்டன்சரும் சூடேறுனாத்தான் வேசம் கலையும். நீயா உள்ள கைய விடாதே. பிளக்கைப் புடுங்குனாலும் டியூப்புல ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பெட்டி நூறு கிலோவுக்குப் பக்கமா கனக்கும், வாசக்கதவை அளந்துட்டுப் போ. அளக்காம வாங்கிட்டு வந்து கதவைப் பேத்தவனுக உண்டு.

கொண்டுவந்து வச்ச பெறகு ஒரு காரியம் செய். போர்டுல ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளுனா காசில்லாம ஓடும்பாங்க. தள்ளாதே. பக்கத்துல ஒரு டம்ளர்ல 25 சென்ட் காசை நெரப்பி வை. எடுத்துப் போட்டு ஆடட்டும், சாயந்தரம் பெட்டியைத் தொறந்து மறுபடி டம்ளர்லயே கொட்டு. கையில காசைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் ஆடுற ஆட்டமே வேற. பிள்ளைகளும் அப்பத்தான் வரிசையில நிக்கும்.

மூணு வேண்டாம். மிஸ் பேக்-மேனையும் கலாகாவையும் ஒரே பெட்டியில போட்டு 2001-ல நாம்கோவே ஒரு மெஷின் விட்டுச்சு, முதல்ல அதை வாங்கு. வருசம் ஒண்ணு போகட்டும். அதுல பெட்ஷீட் காயலேன்னா அஸ்டராய்ட்ஸைப் பத்திப் பேசலாம். மூணாவது எடத்துல ஒரு காரை உள்ள விடு, பாவம் அதுக்கும் வெயில் படுது. விக்கிற ஆள் கிடைச்சதும் வீடியோ கால் போட்டு டியூப்பை எனக்குக் காட்டு, காட்டாம மட்டும் அட்வான்ஸ் கொடுத்துராதே.